விராலுக்கு ஒரு ஃபிளை ராடு: கொங்கு நீர்நிலைகளுக்கான முதல் தூண்டிலைத் தேர்வது

ஃபிளை மீன்பிடிப்பில் இரையைத் தூரத்துக்குக் கொண்டுபோவது லைனின் எடை. வழக்கமான ரீல் தூண்டிலில் ஈயக்குண்டோ பிளாஸ்டிக் தவளையோ முன்னால் பறக்கும். மெல்லிய நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃபிளையில் இது தலைகீழ். ஃபிளை எனப்படும், இறகும் நூலும் சுற்றிய முள்ளுக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் பூசிய தடித்த லைன்தான் ராடை வளைக்கிறது, காற்றில் விரிந்து நீள்கிறது, முனையில் கட்டிய முள்ளைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. எதை முதலில் வாங்குவது, எதில் பணத்தைப் போடுவது என்ற கேள்விக்கான விடை இதிலேயே இருக்கிறது: முதலில் லைன், அதற்கேற்ற ராடு, கடைசியில் ரீல். கடைகளின் விளம்பரம் பெரும்பாலும் ரீலைத்தான் முன்னால் நிறுத்தும். அதன் பளபளப்பில் பணத்தைப் போட்டுவிட்டு லைனில் மிச்சம் பிடிப்பதுதான் புதியவர்களுக்கு அதிகம் நேரும் நஷ்டம்.

உலகச் சந்தையில் கிடைக்கும் தொடக்கநிலைத் தொகுப்புகள் பெரும்பாலும் இரண்டு மீன்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒன்று குளிர்ந்த ஓடைகளின் டிரவுட். மற்றது அமெரிக்க ஏரிகளின் லார்ஜ்மவுத் பாஸ். டிரவுட் கொங்கு நாட்டுக்கு மேலே நீலகிரியில் உண்டு. 1863-ல் பிரான்சிஸ் டே அதை அங்கே கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வென்றார், 1907-ல் அவலாஞ்சியில் அதற்கான குஞ்சு பொரிப்பகம் வந்தது. சமவெளியின் சூட்டில் அந்த மீன் பிழைக்காது. பாஸ் மீன் இங்கே இல்லவே இல்லை. ஆனால் அமெரிக்க ஏரியில் பாஸ் செய்வதை இங்கே விரால் செய்கிறது. கோரைக்கும் அல்லி இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் அசையாமல் கிடக்கும்; மேலே தவளையோ குஞ்சு மீனோ கடந்தால் தண்ணீர் தெறிக்கத் தாவிப் பிடிக்கும்; முள் பட்டவுடன் செடிக்குள் புகுந்துகொள்ளும். ஆகவே டிரவுட்டுக்கென்று விற்கும் மெல்லிய தொகுப்பைவிட, பாஸுக்கென்று விற்கும் தொகுப்புதான் இந்த மண்ணுக்குப் பொருந்தும். சூட்டுக்காகவும் செடிகளுக்காகவும் சில மாற்றங்கள் மட்டும் வேண்டும்.

எந்தத் தண்ணீர், எந்த மீன்

கருவியைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஃபிளை வீசுபவருக்கு முன்னால் எவ்வளவு இடம் தேவையோ, ஏறக்குறைய அவ்வளவு பின்னாலும் தேவை. லைன் முதலில் பின்புறம் முழுதாக விரிந்த பிறகே முன்னே போகும். கோவையின் உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் கரையில் நடைபாதை. காலையும் மாலையும் ஆட்கள் நடந்துகொண்டே இருக்கும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் முள் பறப்பது ஆபத்து. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களில் மட்டை குறுக்கே நிற்கும். இன்னொரு ஆபத்து இவற்றைவிடப் பெரியது. தோட்டத்து மின்கம்பிகள் பல இடங்களில் தாழத் தொங்குகின்றன. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கம்பி செல்லும் கரையில் கார்பன் ராடை நிமிர்த்தவே கூடாது.

புதியவருக்கு மிகப் பொருத்தமான இடம் பண்ணைக்குட்டை. சுற்றிலும் திறந்த கரை, சொந்தக்காரரின் அனுமதி எளிது, ஜிலேபி மீனும் சில இடங்களில் விராலும் உண்டு. அடுத்தது, செடி கொஞ்சம் அடங்கிய சிறு ஏரிகள். கீழ்பவானி, காலிங்கராயன், தடப்பள்ளி வாய்க்கால்களில் தண்ணீர் விட்டிருக்கும்போது ஓட்டம் லைனை இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் நிறுத்திய பிறகு ஆங்காங்கே தேங்கும் மடுக்களில்தான் வேலை.

எங்கே கூடாது என்பதும் தேர்வைக் கட்டுப்படுத்துகிறது. மோயாறும் பவானிசாகர் நீர்ப்பரப்பின் காட்டுப் பகுதியும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தோடு ஒட்டியவை. மேல் ஆழியாறு ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கிறது. இத்தகைய காப்பகங்களுக்குள் தூண்டில் போடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகிவிடும். குளங்களிலும் அணைகளிலும் மீன்பிடி உரிமை குத்தகையாகவோ, தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் கையிலோ இருக்கும். உரியவரிடம் கேட்டு, அனுமதியோடுதான் இறங்க வேண்டும். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மாசீர் 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதைக் குறிவைத்து ராடு தேர்வது புதியவரின் வேலையே அல்ல.

விராலோடு அதே குடும்பத்தில் அவுரியும் குறவையும் உண்டு. அவுரி பெருத்து வளரும், ஆழமான ஆற்று மடுக்களை விரும்பும், குறவை சிறியது. மூன்றும் காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் என்பதால் அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். அந்தக் குமிழும் வளையமும்தான் எங்கே வீசுவது என்று காட்டும். சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் திரியும்போது காவல் காக்கும் மீன் எதன்மீதும் பாயும். அந்த நேரத்தில் அதைப் பிடித்தால் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும். அங்கே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போவதுதான் முறை.

எண்ணிக்கையில் முதலிடம் ஜிலேபிக்கு. 1952-ல் இந்தியாவுக்குள் வந்த இந்த மீன் அமராவதி அணையில் நெடுங்காலமாக வலைகளை நிரப்பிவருகிறது. கோவையின் கழிவுநீர் கலந்த குளங்களிலும் அது தாக்குப்பிடிக்கிறது. சிறிய ஃபிளையை நன்றாகவே எடுக்கும். பழகுபவருக்கு விராலைவிட ஜிலேபிதான் நல்ல ஆசான், ஏனென்றால் ஒரே மாலையில் பலமுறை கடிக்கும். கழிவுநீர்க் குளத்து மீனைச் சமைக்காமல் விடுவது நல்லது.

நான்கு வழிகள்

கையில் இருக்கும் பணத்தையும் தேடும் மீனையும் பொறுத்து நான்கு வழிகள் உண்டு. முழு ஃபிளை தொகுப்பு அவற்றில் ஒன்றுதான். பலருக்கு அது முதல் வழியாக இருக்கத் தேவையில்லை.

மிக மலிவானது கைத்தூண்டில். மூன்றரை முதல் நான்கு மீட்டர் நீளக் கல்மூங்கிலின் நுனியில், கோல் நீளத்துக்கே நரம்பு கட்டி, மண்புழுவுக்குப் பதிலாகச் சிறு ஃபிளையைப் போட்டால் அதுவும் ஃபிளை மீன்பிடிப்பே. ஜப்பானின் மலை ஓடைகளில் ரீல் இல்லாமல் நீண்ட கோலால் வீசும் டென்காரா முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. கடைகளில் கிடைக்கும் மடக்குக் கோல் இன்னும் வசதி. பேருந்தில் எடுத்துப் போகலாம். ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் இதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. பின்னால் அதிக இடம் தேவைப்படாததால் நடைபாதைக் கரைகளுக்கும் ஓரளவு ஒத்துவரும். விராலுக்கு இதே கோலைத் தடித்த நரம்போடு பயன்படுத்தி, ஆகாயத்தாமரையின் இடைவெளிகளில் தவளை ஃபிளையை இறக்கி, தொட்டுத் தொட்டு எடுக்கலாம். ஆனால் பெரிய மீன் பட்டால் விட்டுப் பிடிக்க ரீல் இல்லை: கோலோ நரம்போ தாங்கும் வரைதான்.

இரண்டாவது, வீட்டில் ஏற்கெனவே ரீல் தூண்டில் வைத்திருப்பவர்களுக்கானது. உள்ளே தண்ணீர் நிரப்பக்கூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் மிதவையை நரம்பில் கோத்து, அதற்கு ஒன்றேகால் மீட்டர் பின்னால் ஃபிளையைக் கட்டி வீசுவது. மிதவையின் எடை எறிய உதவும். மெதுவாகச் சுற்றினால் ஃபிளை நீந்தும். ஃபிளை வீசும் கலையை இது கற்றுத் தராது. ஆனால் தன் ஊர்க் குளத்து மீன் ஃபிளையை எடுக்குமா என்பதைப் பெரிய செலவில்லாமல் தெரிந்துகொள்ள இதுவே வழி. சந்தேகத்தில் இருப்பவர் இங்கிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, ஃபிளையை விட்டுவிட்டு ரீல் தூண்டிலும் தவளை லூரும் (செயற்கை இரை) வாங்குவது. தெளிவாகச் சொல்ல வேண்டியது இது: அடர்ந்த செடிக்குள் விரால் பிடிப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஏழடி நீள வலுவான ராடும், பின்னல் நரம்பும், இரட்டை முள் ரப்பர் தவளையும் ஃபிளையைவிட மேல். விலை குறைவு. ஒரே நாளில் வீசப் பழகலாம். முள்ளை ஆழப் பதிக்கவும் மீனைச் செடியோடு சேர்த்து இழுக்கவும் அதற்கு வலு உண்டு. ஃபிளை ராடு அந்த அடர்த்தியில் தோற்கும்.

அப்படியானால் நான்காவது வழியான முழு ஃபிளை தொகுப்பு யாருக்கு? செடிப் பரப்பின் விளிம்பிலும் தெளிந்த இடைவெளிகளிலும் மீன் தேடுபவருக்கு. லூர் பொத்தென்று விழும் இடத்தில் ஃபிளை ஓசையின்றி இறங்கும். ஒரே இடத்தில் அசையாமல் கிடந்து, ஒரு விரற்கடை நகர்ந்து, மறுபடி கிடக்கும். தொந்தரவு பழகிய குளங்களில், ரப்பர் தவளையைக் கண்டாலே ஒதுங்கும் மீன் இதற்கு மயங்குவதுண்டு. ஜிலேபி முதல் விரால்வரை ஒரே முறையில் பிடிக்கலாம் என்பது இன்னொரு லாபம். வீசுவதிலேயே ஒரு நிறைவு இருக்கிறது. அதற்காகவே இதைத் தேடுபவர்கள் அதிகம், அது போதுமான காரணமும்கூட.

ராடின் எண்

ஃபிளை ராடும் லைனும் எண்ணால் அழைக்கப்படுகின்றன. எண் என்பது லைனின் முதல் முப்பது அடி, அதாவது சுமார் ஒன்பது மீட்டர், எவ்வளவு எடை என்பதைக் காட்டும். எண் 5 என்றால் ஏறக்குறைய 9 கிராம், எண் 6 என்றால் 10.4, எண் 8 என்றால் 13.6. ராடின் பிடிக்கு மேலேயே அந்த எண் அச்சிட்டிருக்கும். பொதுவாக ராடும் லைனும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் குறைந்த தூரமே வீசும் புதியவர் லைனை மட்டும் ஓர் எண் கூட்டிப் போட்டால் ராடு எளிதில் வளையும், கைக்கும் உணர்வு வரும்.

உலகில் அதிகம் விற்கும் தொடக்கநிலை ராடு எண் 5. டிரவுட்டுக்கு உகந்த அந்த எண் விராலுக்குப் போதாது. காற்றை எதிர்க்கும் பருத்த தவளை ஃபிளையை 9 கிராம் லைன் சுமக்க முடியாமல் பாதியிலேயே சரியும். கொங்கு நாட்டில் காற்றும் சும்மா இருக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று பல்லடம், உடுமலைவரை காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. அந்த மாதங்களில் எண் 5 ராடோடு குளக்கரையில் நிற்பது வீண் பாடு.

தேர்வு எண் 6-க்கும் எண் 8-க்கும் இடையில்தான். ஜிலேபி, கெண்டை, சின்னக் குறவை, அவ்வப்போது ஒரு விரால் என்றால் எண் 6 போதும். நாள் முழுக்க வீசினாலும் தோள் வலிக்காது. விரால்தான் முதன்மை என்றால் எண் 8. பெரிய ஃபிளையைத் தூக்கும், காற்றை வெட்டும், செடியை நோக்கி ஓடும் மீனைத் திருப்பும். எண் 7 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் குறைந்த விலைத் தொகுப்புகளில் 5, 6, 8 கிடைக்கும் அளவுக்கு 7 கிடைப்பதில்லை. ஒரே ராடு வாங்கப்போகும் ஒருவர் எண் 8-ஐத் தேர்வது நல்லது. அதில் ஜிலேபி பிடித்தால் போராட்டத்தின் சுவை கொஞ்சம் குறையும். எண் 6-ல் பெரிய விரால் பட்டால் மீனே கையைவிட்டுப் போகும். இரண்டில் முதல் குறையைத் தாங்கிக்கொள்ளலாம்.

நீளம் 9 அடி, நான்கு துண்டு. இதில் குழப்பமே வேண்டாம். நான்காகக் கழற்றினால் ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர்தான். அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊருக்கு வரும் உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவர ஏற்றது. பலருக்கு இதுவே மலிவான வழி, ஏனென்றால் தபாலில் வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும்.

கார்பனா, கண்ணாடி இழையா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கார்பன் லேசானது, நீளமாக வீச உதவும். ஆனால் கல்லில் மோதினாலோ கார் கதவில் சிக்கினாலோ பட்டென்று முறியும். கண்ணாடி இழை ராடு கனமானது, மெதுவாக வளையும்; அடி தாங்கும். அந்த மெதுவான வளைவு, லைன் பின்னால் விரிந்துவிட்டதா என்பதைப் புதியவரின் கைக்கு உணர்த்தும். எட்டு எண்ணில், எட்டடி நீளமே ஆனாலும், நல்ல கண்ணாடி இழை ராடு குறைந்த விலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். கார்பன்தான் என்றால் வேகம் நடுத்தரமான ராடு. மிக வேகமானது என்று பெருமையாக விளம்பரம் செய்யப்படும் ராடுகள் தேர்ந்தவர்களுக்கானவை. நேரம் ஒரு நொடி தவறினாலும் லைன் காலடியில் விழும்.

ஆர்விஸ், ரெடிங்டன், எக்கோ போன்ற நிறுவனங்கள் தொடக்கநிலைத் தொகுப்புகளை விற்கின்றன. மாக்ஸ்கேட்ச் போன்ற சீன நிறுவனங்கள் அதைவிட மலிவாகத் தருகின்றன. பெரிய நிறுவனத்தின் விலையில் ஒரு பகுதி, முறிந்தால் மாற்றித் தரும் உத்தரவாதத்துக்கானது. முறிந்த துண்டை இந்தியாவிலிருந்து அனுப்பி மாற்றி வாங்கும் செலவைக் கணக்கிட்டால் அந்த உத்தரவாதத்தின் மதிப்பு இங்கே பாதியாகிறது. அதனால் உபரி நுனித்துண்டு ஒன்றைச் சேர்த்தே தரும் மலிவான ராடு, கொங்கு நாட்டுக்காரருக்குப் பல நேரங்களில் மேலான பேரம்.

லைன்: பணம் போக வேண்டிய இடம்

மலிவான தொகுப்பில் எது மோசம் என்றால் பெரும்பாலும் லைன். ராடும் ரீலும் சுமாராக இருந்தால்கூட நல்ல லைன் அவற்றை ஓட்டிவிடும், தலைகீழாக நடக்காது. தொகுப்பு வாங்கியவர் முதலில் மாற்ற வேண்டியதும் அதுதான்.

பெட்டியில் டபிள்யூஎஃப்-8-எஃப் என்பது போல ஒரு குறி இருக்கும். முதல் இரண்டு எழுத்து எடை முன்பக்கம் குவிந்திருப்பதையும், நடு எண் லைனின் எண்ணையும், கடைசி எழுத்து மிதப்பதையும் சொல்கின்றன. விரால், ஜிலேபி இரண்டுக்கும் மிதக்கும் லைன் போதும். பாஸ் டேப்பர் அல்லது பக் டேப்பர் என்ற பெயரில் விற்கும் லைனில் முன்பக்கம் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். பெரிய ஃபிளையைக் குறைந்த வீச்சில் புரட்டிப் போட அது உதவும். விராலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மீட்டர் வீச்சே போதுமானது, ஆகவே தூர வீச்சுக்கென்று வடிவமைத்த நீண்ட தலை லைன்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் ஓரமாக ஒதுங்கும் ஒரு செய்தி இங்கே மிக முக்கியம். லைனின் பூச்சும் உள்நூலும் தட்பவெப்பத்துக்கு ஏற்பச் செய்யப்படுகின்றன. குளிர்நீர் லைன் பங்குனி, சித்திரை வெயிலில் தளர்ந்து, ராடின் வளையங்களில் ஒட்டி, வழுக்காமல் நின்றுவிடும். ஈரோட்டிலும் கரூரிலும் கோடைப் பகல் 38, 39 டிகிரியைத் தொடும்போது அந்த லைன் வீசத் தகுதியற்றது. வெப்பமண்டல லைன் அல்லது வெந்நீர் லைன் என்று குறித்ததைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதே லைன் ஊட்டியின் மார்கழிக் குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக நிற்கும். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே லைன் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

லைனுக்குப் பின்னால் ரீலில் நிரப்பும் பேக்கிங் நூலுக்கு உள்ளூர்க் கடையின் பின்னல் நரம்பே போதும். விரால் ஓடும் தூரத்தில் அது வெளியே வருவதே அபூர்வம்.

ரீல், லீடர், மற்றவை

விரால் பிடிக்கும்போது ரீல் பெரும்பாலும் லைனைச் சுருட்டி வைக்கும் உருளை மட்டுமே. மீனை இழுப்பது இடது கை. ரீலைச் சுற்றி மீனைக் கரைசேர்க்க முயன்றால் அதற்குள் மீன் செடிக்குள் போய்விடும். ஆகவே டிஸ்க் பிரேக், கடல் நீர் தாங்கும் அடைப்பு போன்றவற்றுக்காக அதிக விலை கொடுப்பது வீண். பிளாஸ்டிக் கலப்பு ரீல் கீழே விழுந்தால் விரிசல் விடும். அலுமினிய வார்ப்பு ரீல் நடுத்தர விலையில் போதிய உறுதி தரும். அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது விலை மிகுதி. வார்ப்புக்கும் கடைசலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கோவைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. வார்ப்பு ரீலையே வாங்கலாம். பார்க்க வேண்டியவை மூன்று: எண் 7, 8 லைனுக்குரிய கொள்ளளவு, விளிம்பு ஒட்டாமல் சுழல்வது, வலக்கைக்கும் இடக்கைக்கும் கைப்பிடியை மாற்ற முடிவது.

லைனுக்கும் ஃபிளைக்கும் இடையில் கட்டும் லீடரைப் பாக்கெட்டாக வாங்கவே தேவையில்லை. கடையில் கிடைக்கும் தங்கூஸ் நரம்பில் 0.55 மி.மீ. தடிமனில் ஒரு மீட்டர், 0.45-ல் 60 சென்டிமீட்டர், 0.40-ல் 60 சென்டிமீட்டர் என்று படிப்படியாகக் குறைத்து முடிச்சிட்டால் விராலுக்கான லீடர் தயார். விராலின் பல்லும் செடியின் உராய்வும் கடைசித் துண்டைத் தேய்க்கும். சில மீன்களுக்கு ஒருமுறை அதை வெட்டி மாற்ற வேண்டும். ஜிலேபிக்கு நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, கடைசித் துண்டை 0.20 மி.மீ. ஆக்கலாம். வெளிநாட்டுப் பாக்கெட்டில் 3எக்ஸ் என்று குறிக்கும் தடிமன் அதுதான். எக்ஸ் எண் கூடக் கூட நரம்பு மெலியும்.

ஃபிளையைச் சொந்தமாகக் கட்டுவது சிக்கனத்திலும் சிக்கனம். பொருள்களும் கொங்கு நாட்டிலேயே கிடைக்கின்றன. தவளையின் உடலுக்குக் கைவினைப் பொருள் கடையின் ஃபோம் தாள், அல்லது தேய்ந்த ரப்பர் செருப்பு. காலுக்குத் திருப்பூர்ப் பின்னலாடைக் கழிவின் எலாஸ்டிக் நூல். சிறு ஃபிளைகளுக்கு நாட்டுச் சேவலின் கழுத்து இறகு. நாமக்கல் பண்ணை முட்டைக்கோழியின் இறகு இதற்கு ஒத்துவராது, சேவல் இறகின் விறைப்பு அதற்கில்லை. உலகம் முழுவதும் ஃபிளை கட்டுபவர்கள் தேடும் மயில் தோகையின் இழை இங்கே காட்டோரத்தில் உதிர்ந்து கிடக்கிறது. தானாக உதிர்ந்த தோகையை மட்டும் எடுக்கலாம். மயிலைத் தொடுவதும் இறகை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம்.

வெளிநாட்டுச் செய்முறைகள் பாஸ் ஃபிளைக்கு மான் முடியைக் கேட்கும். புள்ளிமான், கடமான் முடியை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்பதால் அந்த இடத்தில் ஃபோமைப் போட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுச்சேவல் கழுத்து இறகுக்கும் இதே தடை. ஒரு காலத்தில் பிரிட்டனின் சால்மன் ஃபிளைகளுக்காக அந்த இறகு கப்பலேறியது; இன்று அந்தப் பறவை பாதுகாக்கப்பட்டது.

முள் அளவு விராலுக்கு 1/0 அல்லது 2/0, ஜிலேபிக்கு 10 அல்லது 12. முள்ளின் எண் பெரிதானால் அளவு சிறிது. பூச்சியத்தோடு எழுதும் வரிசையில் மட்டும் இது தலைகீழ். விரால் ஃபிளையில் முள் முனைக்கு முன்னால் தடித்த தங்கூஸ் நரம்பை வளைத்துக் கட்டினால் செடியில் மாட்டாது. பின்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் மீனிலிருந்தும், தவறி விரலில் பட்டால் விரலிலிருந்தும், எளிதில் வரும்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் தவறாமல் இருக்கும் ஒன்றை இங்கே முழுதாக நீக்கிவிடலாம்: இடுப்புவரை அணிந்து தண்ணீரில் இறங்கும் ரப்பர் உடை. இந்தச் சூட்டில் அதை அணிய முடியாது. அமராவதி அணையில் முதலைகள் இயற்கையாகவே பெருகி வாழ்கின்றன, பவானிசாகரிலும் உண்டு. குளங்களில் சேறு தொடைவரை இழுக்கும். கரையில் நின்றே வீச வேண்டும். அந்தப் பணத்தில் போலராய்டு கண்ணாடி ஒன்று வாங்கினால் நீருக்குள் மீன் தெரியும், பறக்கும் முள்ளிலிருந்து கண்ணும் தப்பும். முள் கழற்ற மருந்துக்கடைக் கிடுக்கியும், நரம்பு வெட்ட நகவெட்டியும் போதும்.

பங்கீடும் பழக்கமும்

ஒதுக்கிய பணத்தைப் பத்துப் பங்காகப் பிரித்தால் ராடுக்கு நான்கு, லைனுக்கு மூன்று, ரீலுக்கு இரண்டு, மீதி எல்லாவற்றுக்கும் ஒன்று என்பது நல்ல கணக்கு. தொகுப்பாக வாங்கினாலும் அந்த மூன்று பங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, கூட வந்த லைன் சரியில்லை என்று தெரிந்தவுடன் வெப்பமண்டல லைனுக்கு மாறலாம். பழைய லைன் மைதானத்தில் பழக உதவும். மொத்தப் பணமும் இதற்குப் போதவில்லை என்றால் தரமற்ற முழுத் தொகுப்பை வாங்குவதைவிட, கைத்தூண்டிலில் ஃபிளை கட்டி ஒரு பருவம் பழகிவிட்டுச் சேர்த்து வைத்து வாங்குவது மேல். பாதி விலையில் வாங்கிய மோசமான ராடும் லைனும் பரணில்தான் முடியும்.

பழகும் இடம் புல் மைதானம். முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டைக் கட்டி, லைன் பின்னால் முழுதாக விரிவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீச வேண்டும். சிமென்ட் தரையும் தார்ச்சாலையும் லைனின் பூச்சை அரித்துவிடும். குளத்திலிருந்து வந்தவுடன் லைனைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்தால் அதன் ஆயுள் கூடும். கழிவுநீர்க் குளமென்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கொசு விரட்டிக் களிம்புகள் சிலவற்றில் உள்ள டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். களிம்பு பூசிய கையைக் கழுவிய பிறகே லைனைத் தொட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ரீலை விட்டுவைத்தால் விலை கொடுத்து வாங்கிய லைன் ஒரே கோடையில் வெடிக்கும்.